காயல் துறையில் ஒரு வகாலத்

ஒருவர் தம் காரியத்தைத் தமக்குப் பகரமாக மற்றொருவர் செய்யும்படி ஒப்படைப்பதை ஃபிக்ஹு நூல்கள் ‘வகாலத்’ என்று அழைக்கின்றன. ஒப்படைப்பவர் முவக்கில்; ஏற்பவர் வகீல். நீதிமன்றத்தில் நாம் வழங்கும் ‘வக்கீல்’, ‘வக்காலத்து’ ஆகியவை இச்சொற்களின் வழி வந்தவையே. குகைவாசிகள் தம்முள் ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து நகரத்திலிருந்து உணவு வாங்கிவரச் சொன்னதாகக் கூறும் திருக்குர்ஆனின் 18:19 வசனத்தை அறிஞர்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆடு வாங்க ஒரு தீனார் கொடுத்தார்கள். அவர் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, மற்ற ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆச் செய்தார்கள் என புகாரியில் பதிவாகியுள்ளது. கிடைத்த இலாபம் முவக்கிலுடையது என்பதில் உர்வாவுக்கு ஐயமே எழவில்லை.

நம் கடற்கரையிலேயே இதற்கு ஒரு பெரும் சான்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட மலிக் ஜமாலுத்தீன் இப்ராஹீம், ஆண்டுக்கு 1,400 அரபுக் குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். ஆக ஓராண்டுக் கணக்கு 3,08,000 தீனார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் விவரம் இது. மஅபரில் ஜமாலுத்தீனின் வகீலாக இருந்தவர் அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. (அந்தக் காயல் இன்றைய காயல்பட்டினமா, தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயலா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு, கால்டுவெல் பழையகாயலைச் சொன்னார்.) வந்திறங்கும் சரக்கில் ஜமாலுத்தீனின் ஆட்கள் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்த பின்னரே பிறர் வாங்க முடிந்தது.

அதே தகியுத்தீன் பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். விற்பவரின் வகீலும் வாங்குபவரின் அமைச்சரும் ஒருவரே! ஷாஃபிஈ மத்ஹபில், விற்கும்படி ஒப்படைக்கப்பட்ட வகீல் அப்பொருளைத் தமக்கே விற்றுக்கொள்ளல் கூடாது. ஒரே கை இரு பக்கமும் நீளும்போது, விலையைக் குறைக்க விரும்பும் மனமும் கூட்ட விரும்பும் மனமும் ஒன்றாகிவிடுகின்றன என்பதே காரணம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 215-ஆம் பிரிவில் இதற்கு நெருங்கி வருகிறது: முகவர் தம் முதல்வரின் இசைவின்றித் தம் சொந்தக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்து, முக்கியச் செய்தியை நேர்மையின்றி மறைத்தாலோ, அது முதல்வருக்குப் பாதகமாக அமைந்தாலோ, முதல்வர் அதை மறுக்கலாம். தகியுத்தீன் எதையும் மறைத்ததாகச் செய்தி இல்லை; இரு தரப்பும் அறிந்தே அவரை வைத்திருந்தனர்.

கடலில் இறந்த குதிரைகளுக்கும் பாண்டியக் கருவூலம் விலை கொடுத்தது என்பது மற்றொரு செய்தி. சாதாரண விதி வேறு. வகீல் அமீன், அலட்சியமோ அத்துமீறலோ இல்லாதவரை, அழிந்த பொருளுக்கு அவர் பொறுப்பாளி அல்லர். நட்டம் உடைமையாளரைச் சேரும். விற்ற பொருளாயினும், வாங்கியவர் கைப்பற்றுமுன் அழிந்தால் ஷாஃபிஈ சட்டப்படி அந்த விற்பனையே முறிந்துபோகும். ஆகவே இந்த நிபந்தனையை ஃபிக்ஹின் தராசில் நிறுத்துவது கடினம். வாங்குபவரின் ஆட்கள் கீஷ் துறையிலேயே குதிரைகளைக் கைப்பற்றியிருந்தாலன்றி இதற்கு நியாயம் கூற இயலாது. கரையேறிய குதிரைகளும் நெடுநாள் வாழவில்லை. அவித்த தானியமும் பாலும் கொடுத்து வளர்த்தது பொருந்தவில்லை போலும். குதிரை மருத்துவம் அறிந்தோரை இங்கு வரவிடாமல் வணிகர்களே தடுத்தனர் என்கிறார் மார்கோ போலோ.

ஹிஜ்ரி 702-இல் (கி.பி. 1302–03) தகியுத்தீன் காலமானார். முவக்கிலோ வகீலோ இறந்தால் வகாலத் முடிவுறும் என்பது ஃபிக்ஹு. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. இறந்த வகீலின் கையிலிருக்கும் முவக்கிலின் பொருள் அமானிதம். வாரிசுகள் பங்கிடுவதற்கோ அரசு எடுப்பதற்கோ உரியதன்று. வகீல் பதவியும் மகனுக்குத் தானாகச் சேராது, முவக்கில் புதிதாக நியமித்தால்தான் உண்டு. எனினும் மன்னர் தகியுத்தீனின் செல்வத்தைக் கைப்பற்ற முனைந்தார். எது தகியுத்தீனுடையது, எது கீஷில் இருந்த சகோதரருடையது என்று அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மகன் சிராஜுத்தீன் 2,00,000 தீனார் செலுத்தி மன்னரின் மனத்தை மாற்றி, தந்தையின் செல்வத்தோடு அவருடைய பதவிகளையும் பெற்றுக்கொண்டார்.