சம்பளச் சீட்டு முதல் தேர்வுத்தாள் வரை: ஆங்கிலம் பழகும் வழிகள்

லிட்டில் இந்தியாவில் ஆங்கிலம் தெரியாமலேயே ஒரு நாளை ஓட்டிவிடலாம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கவும் சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்பவும் தமிழே போதும். ஆனால் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, மருத்துவமனைக் கடிதம், பள்ளிச் சுற்றறிக்கை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கைக்கு வருகின்றன. பேச்சில் எப்படியோ சமாளித்துவிடுபவர்களும் தாளைக் கையில் எடுத்ததும் தடுமாறுவது இங்கேதான்.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு முதல் தேசியப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதல்மொழி. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். 2010ல் அது 32.3 விழுக்காடாக இருந்தது. இந்தச் சூழலில் ஆங்கிலம் பழகும் தமிழர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். தமிழகத்திலிருந்து வந்து கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஊழியர்கள் ஒரு வகை. படிப்பைப் பாதியில் நிறுத்தி வேலைக்குப் போன உள்ளூர்ப் பெரியவர்கள் இன்னொரு வகை. ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசினாலும் எழுத்திலும் கருத்தறிதலிலும் மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் மூன்றாவது வகை. தேவை வேறுபட்டாலும் மூவருக்கும் வேண்டிய பயிற்சி இலக்கணம், சொல்வளம், வாசிப்பு என்ற மூன்றில் அடங்கிவிடுகிறது.

தமிழருக்குச் சறுக்கும் இலக்கண இடங்கள்

இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிப்பவர்களில் பலர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் எங்கே பிரிகின்றன என்று அறிந்து அந்த இடங்களில் பயிற்சி செய்தால் நேரம் மிச்சமாகும்.

முதலாவது, சொல்வரிசை. தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து உடனே வரும். தமிழில் 'சாப்பிட்டேன்' என்ற ஒரே சொல் யார் சாப்பிட்டது என்பதையும் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் 'ஐ' என்பதை விட்டுவிட்டால் வாக்கியமே நிற்காது.

இரண்டாவது, சிறுசொற்கள். தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு செய்யும் வேலையை ஆங்கிலம் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறது. பெட்டியில் இருந்தால் 'இன்', சுவரில் மாட்டினால் 'ஆன்', பேருந்து நிறுத்தத்தில் நின்றால் 'அட்'. 'எ', 'ஆன்', 'தி' என்ற சுட்டுச்சொற்களுக்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. கேட்பவருக்கு இன்னது என்று முன்பே தெரிந்த பொருளுக்கு 'தி', புதிதாக அறிமுகமாகும் ஒரு பொருளுக்கு 'எ' அல்லது 'ஆன்' என்று தொடங்கலாம். விதிவிலக்குகள் வாசிப்பில் தாமாகப் பழகும்.

மூன்றாவது, பன்மை. 'மூன்று நாள் விடுப்பு' என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் எண் முன்னால் வந்தாலும் 'டேஸ்' என்று பன்மை சொல்லியாக வேண்டும். அதேபோல் 'அவன், அவள், அது' செய்வதை நிகழ்காலத்தில் சொல்லும்போது வினையின் முடிவில் 'எஸ்' சேரும். தமிழ் வினை ஒவ்வோர் இடத்துக்கும் விகுதி மாற்றும். ஆங்கிலம் இந்த ஓர் இடத்தில்தான் மாற்றுகிறது. அதனால்தான் அது எளிதில் மறந்துபோகிறது.

நான்காவது, காலம். 'வந்திருக்கிறேன்' என்பதற்கு ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே அமைப்பு உண்டு: 'ஐ ஹேவ் கம்'. இது தமிழருக்கு ஒரு வசதி. ஆனால் 'அவர் நேற்று வந்திருக்கிறார்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்தால் 'ஹேவ்', 'ஹேஸ்' போய்விடும். 'ஹி கேம் எஸ்டர்டே' என்பதே சரி.

இந்த நான்கிலும் வாரத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. பயிற்சித்தாளில் விடை தவறினால் சரியான விடையைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், ஏன் தவறு என்பதை ஒரு வரியில் தமிழிலேயே எழுதிவைக்கலாம். சுயமாகப் படிப்பவர்களுக்காகவே எழுதப்பட்ட ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' 1985ல் முதலில் வெளிவந்தது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி என்ற அதன் அமைப்பு தினம் ஒரு பாடம் படிப்பவருக்குப் பொருந்தும்.

எத்தனை சொற்கள் போதும்?

அகராதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதை முதலில் வலியுறுத்தியவர்களில் ஒருவர் மைக்கல் வெஸ்ட். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் டாக்காவில் பணியாற்றிய அவர், வங்காள மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலில் திணறுவதற்கு அதில் புதிய சொற்கள் அடர்ந்து கிடப்பதே காரணம் என்று கண்டார். சொற்களைக் குறைத்து, வந்த சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வாசிப்பு நூல்களை எழுதினார். 1953ல் வெளியான அவரது பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே உள்ளன. இன்று நூலகங்களில் நிலை வாரியாக அடுக்கப்பட்டிருக்கும் எளிய ஆங்கிலக் கதைநூல்கள் அந்த வழியில் வந்தவையே.

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006ல் வெளியிட்ட ஆய்வில், பிறர் உதவியின்றி ஒரு நூலைப் படிக்க அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருப்பது நல்லது என்று கணக்கிட்டார். அதாவது, 50 சொற்களுக்கு ஒரு புதிய சொல். நூல் தேர்ந்தெடுக்க இதுவே அளவுகோல். ஒரு பக்கத்தில் 100 சொற்களை எண்ணி, அவற்றில் தெரியாதவை இரண்டுக்கு மேல் இருந்தால் அந்த நூலைச் சில மாதங்களுக்குத் தள்ளிவைத்துவிட்டு எளியதை எடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சொல்லைத் தனியாக எழுதிப் படிப்பதைவிட, அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்ப்பது முக்கியம். தமிழில் 'தவறு செய்தேன்', 'வேலை செய்தேன்' இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் தவறுக்கு 'மேக்', வீட்டு வேலைக்கு 'டூ'. நாம் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் மருந்துக்கு 'ஈட்' வராது, 'டேக்' என்றே சொல்ல வேண்டும். 'கேள்' என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிசன்' என மூன்று சொற்கள் உள்ளன. ஆகவே குறிப்பேட்டில் சொல்லுக்கு எதிரே பொருளை மட்டும் எழுதாமல் ஒரு முழு வாக்கியத்தையும் எழுதுவது பயன் தரும்.

படித்தது மறப்பதும் இயல்புதான். புதிதாகக் கற்றது முதல் சில நாள்களில்தான் வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மீது சோதித்து எழுதினார். எனவே ஒரே இரவில் 50 சொற்களைப் படிப்பதைவிடப் பத்துச் சொற்களை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள் என இடைவெளிவிட்டுப் பார்ப்பது மேல். அப்போதும் பக்கத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிராமல், பொருளை மறைத்துவைத்துத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும்.

வாசித்துப் புரிந்துகொள்வது

ஊழியர் ஒருவருக்குக் கருத்தறிதல் என்பது தேர்வல்ல, பணம். வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டும் எழுத்துபூர்வமான முக்கிய வேலை விதிமுறைகளும் தரப்பட வேண்டும் என்பது 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அந்தச் சீட்டில் 'பேசிக் சேலரி' அடிப்படைச் சம்பளம், 'அலவன்ஸ்' படி, 'டிடக்‌ஷன்' பிடித்தம், 'நெட் சேலரி' கையில் வரும் தொகை. 'ஓவர்டைம்' எத்தனை மணி நேரம், அதற்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். கூடுதல் நேர வேலைக்கு அடிப்படை மணிநேர ஊதியத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு கிடைக்க வேண்டும். மணிக்கு 6 வெள்ளி என்றால் கூடுதல் நேரத்துக்கு 9 வெள்ளி. 20 மணி நேரத்துக்கு 180 வெள்ளி. இந்த ஐந்தாறு சொற்கள் தெரிந்தவர் தம் கணக்கைத் தாமே சரிபார்க்கலாம்.

வேலை அனுமதி பெற்று வருவோருக்கு, புறப்படும் முன் முதற்கட்ட ஒப்புதல் கடிதம் அவர்களுடைய தாய்மொழியில் அனுப்பப்பட வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. தமிழ்க் கடிதத்தையும் ஆங்கிலக் கடிதத்தையும் அருகருகே வைத்து வரிக்கு வரி பார்ப்பதே நல்ல வாசிப்புப் பயிற்சி. கட்டுமானத் தளங்களில் நான்கு மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளையும் அப்படியே பயன்படுத்தலாம்.

பொருளைத் தலைகீழாக்குபவை பெரிய சொற்கள் அல்ல. 'அன்லெஸ்', 'அன்டில்', 'எக்ஸெப்ட்', 'ஒன்லி' போன்ற சின்னச் சொற்கள்தான். 'டு நாட் ஸ்டார்ட் அன்லெஸ் த கார்ட் இஸ் க்ளோஸ்ட்' என்றால், காப்புத் தடுப்பு மூடியிருந்தால் ஒழிய இயந்திரத்தை இயக்காதே என்று பொருள். தமிழில் நிபந்தனை முதலில் வரும், ஆணை பிறகு வரும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆணை முதலில் வந்துவிடுகிறது. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தாமல் முற்றுப்புள்ளிவரை படிக்க வேண்டும் என்பது இதனால்தான். 'மஸ்ட்' என்றால் கட்டாயம், 'மே' என்றால் செய்யலாம் என்ற வேறுபாடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டியது.

பிள்ளைகளின் தேர்வு

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் ஆங்கிலப் பாடம் 2025 முதல் புதிய அமைப்பில் நடக்கிறது. மொத்தம் 200 மதிப்பெண். எழுத்துக்கு 50, மொழிப் பயன்பாட்டுக்கும் கருத்தறிதலுக்கும் 90, கேட்டலுக்கு 20, வாய்மொழிக்கு 40. முன்பு 30ஆக இருந்த வாய்மொழித் தேர்வின் மதிப்பெண் கூடியுள்ளது. ஆகவே வீட்டில் பிள்ளையோடு ஒரு படத்தைப் பற்றியோ செய்தியைப் பற்றியோ பேசுவதும் இப்போது தேர்வுக்கான பயிற்சிதான். பெற்றோரின் ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே பேசலாம். கருத்தை உருவாக்கி, காரணம் சொல்லப் பழகிய பிள்ளை அதை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும்.

90 மதிப்பெண் தாளில் கோடிட்ட இடம் நிரப்பும் பகுதிகள் பலருக்குக் கடினம். அங்கே முதல் கோட்டிலேயே நின்றுவிடாமல் பத்தி முழுவதையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். பிறகு கோட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து, அங்கே வரவேண்டியது பெயரா வினையா சிறுசொல்லா என்று முடிவுசெய்ய வேண்டும். சொந்தமாக விடை எழுதும் கருத்தறிதல் பகுதிக்கு 20 மதிப்பெண். 'இட்', 'தே', 'திஸ்' போன்ற சுட்டுப்பெயர்கள் யாரை, எதைக் குறிக்கின்றன என்று பென்சிலால் கோடிழுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே கைகொடுக்கும். கேள்வி 'ஒய்' என்று காரணம் கேட்கிறதா, 'ஹவ்' என்று விதம் கேட்கிறதா என்று வட்டமிட்ட பிறகே விடை எழுதலாம்.

எங்கே படிக்கலாம்?

வளர்ந்த பிறகு ஆங்கிலம் கற்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. தொடக்கநிலைப் படிப்பை முடிக்காத ஊழியர்களுக்கு ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்க 'பெஸ்ட்' திட்டம் 1983ல் தொடங்கியது. அதன் இடத்தை இன்று நிரப்புவது 'டபிள்யுபிஎல்என்' எனப்படும் வேலையிட எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம். பேசுதல், கேட்டல், படித்தல், எழுதுதல் ஆகியவற்றில் ஒருவரின் நிலையைச் சோதித்து, அதற்கேற்ற வகுப்பில் சேர்ப்பது அதன் முறை. 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்கள் கட்டணத்துக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியைப் பயன்படுத்தலாமா என்று பதிவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு, 1991ல் தொடங்கப்பட்ட சிண்டாவின் 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகளில் ஆங்கிலமும் உண்டு. வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எஸ்டிஐ அகாடமியை 2013ல் தொடங்கிய சாசாத் ஹுசைன், பள்ளி வயதில் பங்ளாதேஷிலிருந்து இங்கு வந்து தாமே ஆங்கிலத்தோடு போராடியவர். இல்லப் பணிப்பெண்களுக்கு 'ஹோம்' அமைப்பு வகுப்புகள் நடத்துகிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து சிறிது தூரத்தில், விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடம் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து படிப்பதற்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் வருபவர்கள் ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடலாம்.

வகுப்புக்கு நேரம் கிடைக்காதவர்கள் பிரிட்டிஷ் கவுன்சில், பிபிசி ஆகியவற்றின் ஆங்கிலம் கற்பிக்கும் இணையத்தளங்களைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

இருபது நிமிடத் திட்டம்

பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துத் தங்குவிடுதிக்குத் திரும்புபவருக்கும், வேலையோடு பிள்ளைகளையும் கவனிக்கும் பெற்றோருக்கும் நாளைக்கு இருபது நிமிடமே நடைமுறைக்கு ஒத்துவரும். முதல் ஐந்து நிமிடம் பழைய சொற்களைச் சோதிக்கலாம். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஓர் இலக்கண இடத்தில் பத்து வாக்கியங்கள் எழுதலாம். மீதிப் பத்து நிமிடம் வாசிப்புக்கு. அன்றைய முக்கியச் செய்தியை முதலில் தமிழில் படித்துவிட்டு அதே செய்தியை ஆங்கிலத்தில் படித்தால் விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் புதிய சொல்லின் பொருளை ஊகிக்க முடியும். தமிழைச் செவ்வையாகப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கில வாசிப்பில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிடுகிறது.

ஒரு மாதம் கழிந்ததும் முன்னேற்றத்தை அளக்கத் தனித் தேர்வு வேண்டாம். அடுத்த சம்பளச் சீட்டையோ பள்ளிச் சுற்றறிக்கையையோ யாரிடமும் நீட்டாமல் தாமே படித்து, அதன் கருத்தைத் தமிழில் நான்கு வரியில் எழுதிப் பார்க்கலாம். பிறகு விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். எந்த வரியில் பொருள் நழுவியது என்று தெரிந்தால், அடுத்த மாதம் எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.