தறியில் நெய்த வரலாறு: ஹன்னா ரிக்கனின் சித்திரச் சீலைகள்

சித்திர நெசவு நெடுங்காலம் ஐரோப்பிய அரண்மனைச் சுவர்களுக்குரிய அலங்காரமாகவே கருதப்பட்டு வந்தது. அதனை ஆட்சியாளரைக் குற்றஞ்சாட்டும் சாட்சியமாக மாற்றியோருள் ஹன்னா ரிக்கன் (1894–1970) தலையாயவர் எனலாம். சுவீடனின் மால்மோவிற் பிறந்து ஓவியம் பயின்ற இவர், 1924இல் கணவருடன் நோர்வேயின் ஓர்லாந்திற் குடியேறினார். கணவர் செய்துகொடுத்த தறியில், தாமே நூற்று, ஊர்ப்புறச் செடிகொடிகளாற் சாயமூட்டிய கம்பளி நூலைக்கொண்டு, மாதிரிப்படம் ஏதுமின்றி நேரே நெய்தார். நீலச் சாயத்துக்குச் சிறுநீர் பயன்பட்டமையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கிராமியத் தொழின்மரபென்பது அவருக்கு வெறும் அலங்காரச் சொல்லன்று.

1935இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்தபோது அவர் நெய்த சீலையில் முசோலினியின் தலை ஈட்டியாற் குத்தப்பட்டிருந்தது. 1937ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், நோர்வே மண்டபத்தில் அது தொங்கவிடப்பட்டபோது அப்பகுதி மட்டும் மறைக்கப்பட்டது. பிக்காசோவின் 'குவேர்னிக்கா'வும் அதே கண்காட்சியில் இடம்பெற்றதாகும். பின்னதை உலகறியும், முன்னதை அறிந்தோர் சிலரே. நெசவு 'பெண்களின் கைத்தொழில்' எனத் தாழ்த்தப்பட்டமையே இதற்கு ஒரு காரணமென்பது எமது கருத்து.

1958இல் அவர் நெய்த 'நாம் ஒரு விண்மீனில் வாழ்கின்றோம்' என்னும் சீலை ஒஸ்லோ அரசாங்கக் கட்டடத்திலே தொங்கியது. 2011 யூலை 22ஆம் திகதிக் குண்டுவெடிப்பில் அது கிழிந்தது. செப்பனிட்டோர் அத்தழும்பை முற்றாக மறைத்துவிடவில்லை.