அச்சில் வார்த்த ஈயம்

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு வின்செஸ்டர் என்பது ஒரு துப்பாக்கியின் பெயர் என்பதைவிட டெக்ஸ் வில்லரின் மூன்றாவது கை என்றே நினைவில் நிற்கும். விசைக்குக் கீழேயுள்ள லீவரை ஒருமுறை கீழிறக்கி மேலேற்றினால் அடுத்த தோட்டா தயார். பாலைவனத்தின் நடுவே, அருகிலுள்ள ஊரே பல நாள் பயணத்தில் இருக்கும்போதும், தோட்டாக்கள் மட்டும் வற்றுவதில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று அந்த வயதில் நாம் கேட்டுக்கொள்ளவில்லை. பிற்பாடு கேட்டுக்கொண்டபோது விடை ஓர் ஆயுதத் தொழிற்சாலைக்கு அல்ல, ஓர் அடுப்பங்கரைக்கு நம்மை இட்டுச் சென்றது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். குண்டு, மருந்து, பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலிலிருந்து பறந்து செல்வது குண்டு மட்டுமே. ஈயம் என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. குண்டோ காரீயத்தால் ஆனது. ஆனால், பின்னர் காணப்போவதுபோல, நல்ல குண்டு வார்க்க இரண்டும் வேண்டும்.

வீட்டில் குண்டு வார்ப்பது லீவர் துப்பாக்கிக்கு வெகுகாலம் முற்பட்ட வழக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனம் நியூயார்க்கில் படைவீரர்களுக்கு வாசித்துக் காட்டப்பட்ட 1776 ஜூலை 9 அன்று, கூட்டம் ஒன்று பௌலிங் கிரீன் திடலில் குதிரைமேல் வீற்றிருந்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தது. பொன் முலாம் பூசிய ஈயச்சிலை அது. அதன் துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டின் லிட்ச்பீல்டு என்ற ஊரில், பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவரான ஆலிவர் வால்காட்டின் இல்லத்திற்குச் சென்று சேர்ந்தது. அங்கே பெண்களும் குழந்தைகளும் அதை உருக்கிக் குண்டுகளாக வார்த்தனர். வால்காட்டின் தாள்களிடையே கிடைத்த கணக்கில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் எண்ணிக்கை உள்ளது. ரூத் மார்வின் 11,592. வால்காட்டின் மகள் மேரி ஆன் 10,790. இன்னொரு மகள் லாரா 8,378. சிறுவனான மகன் பிரெடரிக் 936. ஆக மொத்தம் 42,088. வரலாற்று நூல்களில் மன்னரின் சிலை ‘உருக்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினையோடு வாக்கியம் முடிந்துவிடும். எழுவாய் யாரென்று இந்தக் கணக்குத் தாள்தான் சொல்கிறது.

அக்காலத்துக் குண்டு வெறும் உருண்டை. நூறாண்டுகளுக்குள் துப்பாக்கி மாறிவிட்டது. பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற லீவர் துப்பாக்கி, குழலுக்கடியில் இருந்த குழாயில் பதினாறு தோட்டாக்களை அடக்கிக்கொண்டது. அதிசயமான கருவிதான். ஆனால் அதன் .44 தோட்டாவில் பற்றும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருந்தது. சுத்தியல் அடித்து நசுங்கிய கூடு ஒருமுறைக்குத்தான் பயன்படும். துப்பாக்கி வாங்கியவன் ஆயுளுக்கும் தோட்டா விற்பவனின் வாடிக்கையாளன் ஆகிவிட்டான் என்று பொருள். முந்தைய தலைமுறையினர் ஈயக்கட்டியும் மருந்துக் குப்பியும் இருந்தால் யாரையும் அண்டாமல் வாழ்ந்தவர்கள். அந்தத் தற்சார்பைப் பறித்துக்கொண்டுதான் வேகத்தைக் கொடுத்தது புதிய கருவி.

அதை ஓரளவு திருப்பிக் கொடுத்தது 1873-ஆம் ஆண்டு வின்செஸ்டர். அதன் .44-40 தோட்டாவில் பிரைமர் கூட்டின் நடுவில் தனியே பொருத்தப்பட்டிருந்தது. சுட்டபின் அதைத் தட்டி நீக்கிவிட்டுப் புதியதை வைக்கலாம். 40 கிரெய்ன் மருந்தும் 200 கிரெய்ன் குண்டும் இட்டுக் கூட்டை மீண்டும் தோட்டாவாக்கலாம். இதற்கான அச்சையும் கருவிகளையும் வின்செஸ்டர் நிறுவனமே விற்றது. 1884-இல் ஜான் பார்லோ என்பவர் நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் கருவியோ இன்னும் எளியது. பார்வைக்கு நம் ஊர்ப் பாக்குவெட்டியைப் போன்ற அதைச் சேணப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். பிரைமரும் மருந்தும் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றாலும் குண்டு மட்டும் ஒருவனின் சொந்த நெருப்பில் பிறந்தது.

வார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகும். இரும்புச் சட்டியில் அது பாதரசம் போலத் தளும்பும்போது மேலே சாம்பல் நிறக் கசடு படரும். ஒரு துண்டு தேன்மெழுகைப் போட்டுக் கிளறினால் கசடிலுள்ள நல்ல உலோகம் மீண்டும் கீழிறங்கும். எஞ்சியதை வழித்தெறிய வேண்டும். பிறகு இடுக்கி போன்ற கைப்பிடியுடைய இரு பாதி அச்சை மூடிக் கரண்டியால் ஊற்றுவார்கள். முதல் தோசை சரியாக வராததுபோல முதல் சில குண்டுகளும் சரியாக வரா. அச்சு சூடேறும்வரை அவை சுருக்கம் விழுந்து பிறக்கும். அச்சின் சூடு மிஞ்சினால் பனி படர்ந்தாற்போல வெளுக்கும். சுருங்கியவை சட்டிக்கே திரும்பும். ஈரம்தான் பெரிய எதிரி. உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு நீர் சிக்கினாலும் அது நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் வாரியடித்துவிடும்.

தூய காரீயம் மிக மென்மையானது. அச்சின் மூலைகளை நிறைக்கவும் தயங்கும். பதினாறு பங்குக்கோ இருபது பங்குக்கோ ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் நன்றாக ஓடி நிறையும். பிறகு குண்டின் பள்ளங்களில் கொழுப்பும் மெழுகும் கலந்து பூசவேண்டும்; இல்லாவிட்டால் குழலின் உட்சுவரில் ஈயம் ஒட்டும். தோட்டாவில் கொழுப்பு என்றதும் நமக்கு 1857 நினைவுக்கு வராமலிராது. என்ஃபீல்டு தோட்டாவின் காகிதத்தில் தடவிய கொழுப்பும் குழலை எளிதாக இயங்கச் செய்யும் இதே நோக்கத்துக்கு உரியதுதான்.

பெருங்காலிபருக்கு வருவோம். அமெரிக்கப் படை 1873-இல் ஏற்ற .45-70 தோட்டாவின் குண்டு 405 கிரெய்ன், அதாவது 26 கிராம். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன் ஆதலால் ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பதினேழு குண்டுகள். வின்செஸ்டரின் 1876-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்குள் இவ்வளவு நீண்ட தோட்டா அடங்கவில்லை. அதனால் குட்டையான .45-75 ஒன்றைப் படைத்துச் சமாளித்தார்கள். மார்லின் 1881-இல் .45-70-ஐ லீவருக்குள் கொண்டுவந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1886 வின்செஸ்டர் அதை இன்னும் உறுதியாக்கியது. லீவர் துப்பாக்கிக்கே உரிய நிபந்தனை ஒன்றுண்டு. குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருப்பதால் ஒரு குண்டின் மூக்கு முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமர்மீது அழுந்துகிறது. மூக்கு கூர்மையாக இருந்தால் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால்தான் இக்குண்டுகளின் மூக்கு தட்டையாக வார்க்கப்படுகிறது.

இந்தக் கனத்த குண்டுகள் யாருக்காக வார்க்கப்பட்டன என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. சமவெளியின் காட்டெருமைகளைப் பெரும்பாலும் வீழ்த்தியவை ஷார்ப்ஸ் போன்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளே. லீவர் துப்பாக்கிகள் அல்ல. ஆனால் கூடாரத்து நெருப்பில் நடந்த வார்ப்பு ஒன்றுதான். 1889-இல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்து எழுதியபோது கண்டம் முழுவதிலும் எஞ்சியிருந்தவை 1,091 எருமைகள். லிட்ச்பீல்டின் கணக்கைப் படிக்கையில் தோன்றும் பரிவை இந்தக் கணக்கின் முன் அப்படியே வைத்துக்கொள்ள நம்மால் இயலவில்லை.

1890-களில் புகையற்ற மருந்து வந்தது. 1894 வின்செஸ்டருக்கான .30-30 தோட்டாவின் வேகத்துக்கு வெற்று ஈயம் ஈடுகொடுக்கவில்லை; உலோக உறையிட்ட குண்டுகள் வந்தன. அவற்றை அடுப்பங்கரையில் செய்ய முடியாது. வார்ப்பவர்கள் சிறுபான்மையாயினர்.

அவர்களுக்கு எதிர்பாராத உதவி அச்சகத்திலிருந்து வந்ததுதான் இந்த வரலாற்றில் நம்மை மிகவும் ஈர்த்த பகுதி. தமிழில் வார்ப்புக்கும் அச்சு, புத்தகத்துக்கும் அச்சு. இது வெறும் சொல்லொற்றுமை அல்ல. எழுத்து வார்க்கும் உலோகமும் காரீயம், வெள்ளீயம், அஞ்சனக்கல்லிலிருந்து கிடைக்கும் ஆண்டிமனி ஆகிய மூன்றும் சேர்ந்ததே. லைனோடைப் உலோகத்தில் அவை ஏறத்தாழ 84, 4, 12 விழுக்காடு. சுமார் 240 பாகையிலேயே உருகும். அச்சை நுணுக்கமாக நிறைக்கும். ஆறியபின் கடினமாக இருக்கும். குண்டு வார்ப்பவன் கேட்கும் குணங்கள் அத்தனையும் இவைதாம். 1978 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் லைனோடைப்பைக் கைவிட்டது. அந்தப் பத்தாண்டுகளில் எண்ணற்ற பத்திரிகைகள் அவ்வாறே செய்தன. பழைய உலோகம் டன் கணக்கில் பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்றது. 1972-இல் மார்லின் நிறுவனம் .45-70 லீவர் துப்பாக்கியை மீண்டும் வெளியிட்டிருந்தது. நேற்றைய தலையங்கம் இன்றைய குண்டாகச் சட்டியில் உருகியது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்துச் சிற்றிதழ் நடத்தியவர்களின் வழிவந்த நமக்கு இதைச் சற்று வலியில்லாமல் எழுத முடியவில்லை.

அந்தக் கையிருப்பும் தீர்ந்து வருகிறது. அடுத்த புகலிடமாக இருந்த கார்ச் சக்கரங்களின் சமன் எடைகள் துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் மாறிவிட்டன. மிசௌரி மாநிலத்தின் ஹெர்குலேனியத்தில் இயங்கிய, தாதுவிலிருந்து ஈயம் எடுக்கும் அமெரிக்காவின் கடைசி உலை 2013 இறுதியில் மூடப்பட்டது. ஈயக் குண்டின் சிதறல்கள் பொதிந்த இறைச்சியைத் தின்று கலிபோர்னியாவின் பெருங்கழுகுகளான காண்டார்கள் மாண்டன. 1982-இல் உலகில் அவை இருபத்திரண்டே. அம்மாநிலத்தில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாது. ஈயப்புகை வார்ப்பவரையும் விடுவதில்லை. சன்னலைத் திறந்து வைக்காத கொட்டகையில் சட்டியேற்றியவர்களின் இரத்தத்திலும் அது ஏறுகிறது.

இன்றும் வார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குறிசுடும் திடலின் மண்மேட்டைச் சல்லடையில் சலித்து, தாமும் பிறரும் சுட்ட ஈயத்தைப் பொறுக்கியெடுத்து, கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, மறுபடியும் சட்டியில் இடுகிறார்கள்.