முள்ளும் எல்லையும்

நிலத்தின் எல்லையைச் சொல்லாற் காத்தது நம் பழைய மரபு. சோழர் செப்பேடுகள் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கெல்லை வகுத்து, ஆங்காங்கு அமைந்த வாய்க்காலையும் வழியையும் சான்றாக நிறுத்தின. மேலைநாட்டு நில அளவையிற் காந்தமுள் புகுந்தபின் அச்சான்றுகளோடு எண்ணும் வந்து சேர்ந்தது.

வடக்கு–தெற்குக் கோட்டிலிருந்து ஓர் எல்லைக்கோடு விலகும் கோணமே திசைகோள். அதனை உரைக்கும் முறைகள் இரண்டு. முழுவட்ட முறை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 360 பாகை வரை எண்ணும். காற்பகுதி முறை வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ தொடங்கி, கிழக்கு அல்லது மேற்கு நோக்கி 90 பாகைக்குள் அடங்கும். முன்னதில் 240 பாகை எனப்படுவது பின்னதில் தெற்கிலிருந்து மேற்காக 60 பாகை ஆகும். 1749இல் தம் 17ஆம் அகவையில் வர்ஜீனியாவின் கல்பெப்பர் கவுண்டிக்கு நில அளவையரான ஜார்ஜ் வாஷிங்டன் கையாண்டது காற்பகுதி முறையே.

முறை எதுவாயினும் முள் காட்டுவது காந்த வடக்கு; மெய்வடக்கு அன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். அவ்வொதுக்கமும் நிலையாக நிற்பதில்லை. 1580இல் இலண்டனருகே வில்லியம் பரோ அளந்தபோது முள் ஏறத்தாழ 11 பாகை கிழக்கே சாய்ந்திருந்தது. 1634இல் ஹென்றி கெல்லிபிரான்ட் அளந்தபோது அச்சாய்வு 4 பாகையளவாகக் குறைந்திருந்தது. காலந்தோறும் முள் பெயர்கின்றது என்னும் உண்மையை அவர் 1635இல் நூலாக வெளியிட்டார்.

இதன் விளைவு சிறிதன்று. ஒரு பாகை பிழைப்பின், ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எல்லையின் மறுமுனை ஏறத்தாழ 17 மீட்டர் விலகிவிடும். தந்தை நட்ட மரம் மைந்தன் காலத்தில் அயலான் நிலத்ததாகிவிடக்கூடும். பத்திரத்திற் பொறித்த பாகை மாறவில்லை; அப்பாகைக்குப் பொருள் தந்த வடக்கே மாறிவிட்டது. ஆதலின் பழம் பத்திரத்தைப் படிப்போர், அளந்த ஆண்டையும் அவ்வாண்டின் ஒதுக்கத்தையும் அறிதல் வேண்டும்.

மண்ணடியிற் கிடக்கும் இரும்பும் முள்ளை ஈர்க்கும். இவ்விடர் கண்ட வில்லியம் ஆஸ்டின் பர்ட், கதிரவனைக் கொண்டு மெய்வடக்கு அறியும் கருவிக்கு 1836இல் காப்புரிமை பெற்றார். 1844இல் மிச்சிகனில் அவர் குழுவினரின் காந்தமுள் தடுமாறியபோது, அத்தடுமாற்றமே அங்கிருந்த இரும்புத் தாதைக் காட்டிக்கொடுத்தது.

2019 செப்டம்பரில் கிரீனிச்சில் ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்குப்பின் மெய்வடக்கும் காந்த வடக்கும் ஒன்றின. அவ்வொற்றுமையும் நிலைப்பதன்று. காலம் குறியாத திசைகோள் அரைச்சான்றே. வாய்க்காலையும் வழியையும் பெயர்சொல்லிச் சுட்டிய பழஞ்சொல்லின் அருமை இங்கே விளங்கும்.