ஸ்ரின்யி குடும்பமும் அதன் அடக்கத்தலமும்

ஹங்கேரிய வரலாற்றில் உஸ்மானியரின் தீராப் பகைவர் எனப் பெயர் பெற்றது ஸ்ரின்யி குடும்பம். குரோஷிய மண்ணைப் பூர்வீகமாகக் கொண்ட இவர்கள் முன்னர் ஷூபிச் எனப்பட்டனர். 1347-இல் ஹங்கேரி மன்னர் லூயி, தல்மாத்தியாவில் இருந்த அவர்களது கோட்டைக்கு ஈடாக ஸ்ரின் கோட்டையை வழங்கிய பின்னரே இப்பெயர் நிலைத்தது. குரோஷியரும் ஹங்கேரியரும் இன்றளவும் இவர்களைத் தம்மவர் என்றே உரிமை கொண்டாடுகின்றனர். 1546-இல் மெஜிமுர்யே வட்டாரம் இவர்கள் கைக்கு வந்தது. அங்கே சாகோவெட்ஸ் நகரருகே 14-ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்காக எழுப்பப்பட்ட புனித ஹெலனா மடாலயம் குடும்பத்தின் அடக்கத்தலமாயிற்று.

அத்தலத்தின் புகழ் 1566-ஆம் ஆண்டோடு பிணைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுல்தான் சுலைமான் கானூனியின் பெரும்படை ஸிகெத்வார் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைத் தலைவர் மிக்லோஷ் ஸ்ரின்யியிடம் இருந்தோர் இரண்டாயிரத்துச் சொச்சம் வீரர்களே. ஆயினும் முற்றுகை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தது. செப்டம்பர் தொடக்கத்தில், கோட்டை விழுவதற்குச் சற்று முன்னர், முதியவரான சுல்தான் தம் கூடாரத்திலேயே வஃபாத்தானார். இளவரசர் ஸலீம் வந்து சேரும் வரை அச்செய்தியைப் படையினர் அறியாவண்ணம் மறைத்து வைத்தார் தலைமை வஸீர் சொகொல்லு மெஹ்மெத் பாஷா. எரியும் கோட்டையினின்றும் எஞ்சிய வீரர்களுடன் வெளிப்பாய்ந்த ஸ்ரின்யி போரிட்டு மடிந்தார். அவரது தலையைத் துருக்கியர் பேரரசர் மாக்சிமிலியனின் முகாமுக்கு அனுப்பிவைத்தனர்; அதுவே புனித ஹெலனாவில் அடக்கம் செய்யப்பட்டது. சுல்தானின் உடல் இஸ்தான்புல் சுலைமானியாவைச் சேர்ந்தது. அவரது உள்ளுறுப்புகள் ஸிகெத்வாரிலேயே புதைக்கப்பட்டன என்ற மரபுச் செய்தியின் பேரில் அங்கொரு ஸியாரமும், அதைச் சுற்றிச் சிற்றூர் ஒன்றும் எழுந்தன.

இதனைச் சிலுவைக்கும் பிறைக்குமான போராக மட்டும் எழுதிவைப்போர் குடும்பத்தின் பிற்காலத்தை விழுங்கிவிடுகின்றனர். கொள்ளுப்பேரரும் பெயரால் மிக்லோஷே. மூதாதையின் முற்றுகையைக் காவியமாகப் பாடி 1651-இல் வெளியிட்ட அவர், 1664-இல் வேட்டையில் காட்டுப்பன்றி தாக்கி இறந்து அதே மடாலயத்தில் அடங்கினார். தம்பி பீட்டரோ ஹாப்ஸ்பர்க் ஆட்சியை வெறுத்து, உஸ்மானியரின் பாதுகாப்பையே நாடித் தூது அனுப்பினார்! சதி வெளிப்பட்டு, 1671-இல் வீனர் நொய்ஷ்டாட்டில் அவர் தலை வெட்டப்பட்டது. அவரது எச்சங்கள் 1919-இல்தான் ஸாக்ரெப் பேராலயத்தை அடைந்தன.

பீட்டரின் மகள் இலோனாவின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. உஸ்மானிய ஆதரவுடன் ஹாப்ஸ்பர்க்குகளை எதிர்த்த இம்ரே தோக்கோலியை மணந்த அவர், 1685 முதல் 1688 வரை முன்காச் கோட்டையைத் தாமே நின்று காத்தார். பின்னர் சிறைப்பட்டு, 1692-இல் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகி, கணவருடன் துருக்கியில் அடைக்கலம் புகுந்தார். 1703-இல் இஸ்மித்தில் இறந்த அவரை இஸ்தான்புல் கலாத்தாவின் புனித பெனுவா தேவாலயத்தில் அடக்கினர். அவ்வாண்டே அவருடைய சகோதரர் யானோஷ் ஆன்தல் ஹாப்ஸ்பர்க் சிறையில் மாண்டார். ஸ்ரின்யியரின் ஆண்வழி அத்தோடு அற்றது.

இனி அடக்கத்தலங்களின் கதி. ஸிகெத்வார் 1689-இல் ஹாப்ஸ்பர்க் வசமானது. சில ஆண்டுகளுக்குள் சுல்தானின் ஸியாரம் இடித்துத் தள்ளப்பட்டது. அதன் அடித்தளத்தைக் கண்டறிந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தது 2015-இல்தான். புனித ஹெலனாவைச் சிதைத்தவரும் துருக்கியர் அல்லர். 1786-இல் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் அத்துறவியர் சபையையே கலைத்தார். கைவிடப்பட்ட மடாலயம் இடிபட, கல்லறைகளும் அழிந்தன; சிறு வழிபாட்டுக்கூடம் ஒன்றே எஞ்சியது. பகைவரின் தலைநகரில் இருந்த இலோனாவின் கல்லறையோ இரு நூற்றாண்டு கடந்தும் நிலைத்தது. 1735-இல் தெக்கிர்தாவில் இறந்த மகன் இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோசியும் அன்னையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தார். 1906-இல் ஹங்கேரியர் இருவரின் எச்சங்களையும் கஷ்ஷா பேராலயத்திற்குக் கொண்டு சென்றனர். மூதாதையரோடு சேர்ப்பதற்குப் புனித ஹெலனாவில் அப்போது கல்லறைக்கூடமே இருக்கவில்லை.