ஒரு ப்ரோகிராம், எட்டு கோர்

2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃபில் ரையன் டால் நோட்.ஜேஎஸ்ஸைக் காட்டினார். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் என்பது நெட்ஸ்கேப் 90களிலேயே செய்து பார்த்த சமாச்சாரம்தான். இதில் புதுசு, ஒரே த்ரெட்டை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன்களைச் சமாளித்தது. பால் கொதிக்கும்வரை சும்மா நிற்காமல் அடுத்தவருக்கு க்ளாஸ் கழுவும் டீ மாஸ்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் மாஸ்டர் ஒருத்தர்தானே! எட்டு கோர் சர்வர் வாங்கினாலும் உழைப்பது ஒன்று, மற்ற ஏழும் தூக்கம். 2010ல் வந்த 'ஃபாரெவர்', செத்த ப்ராசஸைத் திரும்ப எழுப்பிவிடும், அவ்வளவுதான். அதனால் ஒரே ப்ரோகிராமை 3000, 3001, 3002 என்று வேறு வேறு போர்ட்டில் கையால் ஓடவிட்டு, முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தி வைப்பார்கள்.

2011 நவம்பரில் 0.6 வெர்ஷனோடு க்ளஸ்டர் உள்ளேயே வந்தது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். போர்ட்டைப் பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும்; யாருக்கு எந்தக் கனெக்‌ஷன் என்பதை ஆப்பரேட்டிங் சிஸ்டமே முடிவு செய்யும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? எட்டு ப்ராசஸில் இரண்டுக்கு மட்டும் 70 சதவீதத்துக்கு மேல் கனெக்‌ஷன் போனதை நோட் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. நம்ம ஆபீஸ்களில் வேலை பங்கிடுவது மாதிரியேதான் :-) 2015 பிப்ரவரியில் வந்த 0.12ல்தான், மாஸ்டர் ப்ராசஸே வரிசையாகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தது, விண்டோஸ் நீங்கலாக.

நடுவில் 2013ல் அலெக்ஸாந்த்ர் ஸ்ட்ரெலெவிச் பிஎம்2வைக் கொண்டுவந்தார். இதுவும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியதுதான். 'பிஎம்2 ஸ்டார்ட் ஆப்.ஜேஎஸ் -ஐ மேக்ஸ்' என்று ஒரு வரி தட்டினால் போதும், கோர்களை எண்ணிப் பார்த்து அத்தனை பிரதிகளை ஓடவிடும். க்ளஸ்டர் கோடு எதையும் ப்ரோகிராமில் எழுத வேண்டாம். 'ரீலோட்' கொடுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும், சைட் கீழே விழாது.

இத்தனை சுலபமானதுதான் வில்லங்கம். பிரதிகளுக்குள் மெமரி பொது கிடையாது. முதல் பிரதியில் லாகின் செய்தவரை மூன்றாவது பிரதி "யாருங்க நீங்க?" என்று கேட்கும். செஷனை ரெடிஸ் மாதிரி வெளியே எங்காவது வைத்தால்தான் சரிப்படும்.

அதைவிட மோசம் டைமர். புனேயில் முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பில் எஸ்எம்எஸ் அனுப்பும் டைமர் ப்ரோகிராமுக்கு உள்ளேயே இருந்தது. யாரோ பிரதிகளை நாலாக்கினார்கள். அன்று ராத்திரி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நாலு பில்! காலையில் திட்டு வாங்கியது என்னவோ போன் எடுத்த சப்போர்ட் பசங்கள்தான்.

மருந்து பிஎம்2விலேயே இருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் 'நோட்_ஆப்_இன்ஸ்டன்ஸ்' என்ற பெயரில் ஓர் எண் கிடைக்கும், 0 தொடங்கி. டைமருக்கு முன்னால் "எண் 0 ஆக இருந்தால் மட்டும்" என்று ஒரு வரி சேர்த்தார்கள். மறுநாள் எல்லோருக்கும் ஒரே ஒரு பில்தான் போனது.