உண்மை என்னும் பெயர் தாங்கிய வானொலி



நம் பங்குகளில் பெரியவர்கள் பலர் சிற்றலை வானொலியில் வேரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்டவர்கள். வேரித்தாஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு உண்மை என்று பொருள். அந்தப் பெயருக்காக அந்த வானொலி கொடுத்த விலையை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1958-இல் மணிலாவில் கூடிய தென்கிழக்கு ஆசிய ஆயர்கள், இப்பகுதி மக்களுக்கென ஒரு கத்தோலிக்க வானொலி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 1969 ஏப்ரல் 11 அன்று அது திறக்கப்பட்டது. சிற்றலையில் ஆசிய மொழிகள் பலவற்றில் பேசியது. மத்திய அலையில் பிலிப்பீன்ஸ் மக்களுக்குச் செய்தியும் பொதுச்சேவையும் வழங்கியது.

அது அதிபர் மார்க்கோசின் காலம். 1972-இல் இராணுவச் சட்டம் வந்தபின் செய்தித்தாள்களும் வானொலிகளும் அச்சத்தில் வாழ்ந்தன. 1983 ஆகஸ்டு 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிஞ்ஞோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கானோர் நடந்தார்கள். மற்றவர்கள் தயங்கியபோது, வேரித்தாஸ் அதை நேரடியாக ஒலிபரப்பியது.

1986 பிப்ரவரி 7 அன்று தேர்தல் நடந்தது. அதில் மோசடி நடந்ததென்று ஆயர் பேரவை வெளிப்படையாக அறிவித்தது. 22-ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோசும் மார்க்கோசைவிட்டு விலகி, சில வீரர்களோடு படைமுகாமில் தஞ்சம் புகுந்தார்கள். அன்றிரவு கர்தினால் ஹைமே சின் வேரித்தாஸ் வழியாக மக்களை அழைத்தார். அவர்களுக்குத் துணையாகச் செல்லுங்கள், உணவு கொண்டு போங்கள் என்பதே அவருடைய வேண்டுகோள்.

அந்த அழைப்பு எளிதானதா? பீரங்கி வண்டிகள் சுட்டிருந்தால், அவர் சொல்லை நம்பி வந்த எத்தனை குடும்பங்கள் மடிந்திருக்கும்! அந்தப் பாரம் அவருக்குத் தெரியாததல்ல. மக்கள் வந்தார்கள். எட்சா சாலையில் அருள்சகோதரிகள் செபமாலையோடு பீரங்கி வண்டிகளுக்கு முன் முழந்தாளிட்டார்கள்.

23-ஆம் நாள் விடியுமுன் ஆயுதம் தாங்கியவர்கள் மலோலோசில் இருந்த வேரித்தாசின் ஒலிபரப்புக் கருவிகளை உடைத்தெறிந்தார்கள். சிறிய மாற்றுக் கருவியைக் கொண்டு சில மணி நேரம் பேசினார்கள். அதுவும் ஓய்ந்தபோது, அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்துக்குப் போய், எங்கே மக்கள் தேவை, எங்கே படை நகர்கிறது என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 25-ஆம் நாள் மார்க்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு வேரித்தாசுக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

உண்மை என்றால் என்ன என்று ஆண்டவரிடம் கேட்ட பிலாத்து, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனான். நாமும் பலமுறை அப்படித்தான். சரியா தவறா என்று பாராமல் கைபேசியில் வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புகிறோம். அநீதி என்று தெரிந்தும், நமக்கேன் வம்பு என்று வாய்மூடி இருக்கிறோம். கருவியை உடைத்தபின்பும் பேச வழி தேடியவர்களை நினைப்போம். நாம் சொல்லும் சொல்லுக்குப் பொறுப்பேற்கும் துணிவை ஆண்டவரிடம் கேட்போம். ஆமென்.